கடைசி அத்தியாயத்தையும் அப்பா படித்துவிட்டார்

ஜெபீனா,

போன் அப்பாவிடம் இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்கு வேலைக்கு வரும் பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் நோட்டில் எழுதிவந்த நாவலைப் பற்றிச் சொன்னேனே? தண்ணீர் வற்றிப்போன காலம். வேற்று மதத்தவரைத் தொட்டால் குடிநீர் கார்டு பறிபோகும். அப்படித் தொட்ட இருவர் உயிர்பிழைக்கக் கல்வராயன் மலைக்கு ஓடுகிறார்கள். அப்பா அதை என் டைரி என்று நினைத்துவிட்டார். கதாநாயகனுக்கு உன் அண்ணனின் முழங்கைத் தழும்பை வைத்தது என் தப்பு. மற்றபடி எங்களுக்குள் ஒன்றுமில்லை, உனக்கே தெரியும்.

நேற்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சங்கராபுரத்தில் உங்கள் பைப் கடைக்குப் போனார்.

"எம் பொண்ண இட்டுக்கினு மலைக்கு ஓடப் போறியா? இன்னா நெனச்சிக்கினு இருக்கற நீ?"

உன் அண்ணன் 'அப்படியெல்லாம் இல்லை' என்று சொல்லியிருக்கலாம். கையிலிருந்த பைப்பைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"அவங்க வந்தா போவேங்க."

நாவலில்கூட நான் கதாநாயகனுக்கு அப்படியொரு வசனம் எழுதவில்லை, ஜெபீ.

கடைசி அத்தியாயத்தில் ஊர்க்காரர்கள் அவனைத் துரத்திப் பிடித்துக் கரியாலூர் அருவியில் தள்ளிவிடுகிறார்கள். அப்பா அதையும் படித்திருக்கிறார். காலையிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். உன் அண்ணனை இன்றைக்கே வெளியூர் போகச் சொல்.

எந்த ஊர் என்று இந்த அக்காவிடம் மட்டும் சொல்லி அனுப்பு.

உன் பெஞ்சுக்காரி