மடக்கி உழுத கடுகு

6.2.2001, செவ்வாய்
காலையில் பனி, பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். சைக்கிள் பஞ்சர். சவரிமுத்து அண்ணன் வயலுக்கு நடை. ஆராய்ச்சிக்காக அங்கே நான் கடுகு விதைத்து முப்பத்தெட்டு நாள். வாய்க்காலோரச் செடியெல்லாம் குட்டை. நரம்பு மட்டும் பச்சை, மீதி இலை வெளிறல். ஒன்றைப் பிடுங்கினேன்: வேர் கட்டையாக, பழுப்பாக. மேட்டுப் பக்கம் இடுப்பளவு. தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத் தண்ணீர் எங்கெங்கே தேங்கியது என்று செடியே காட்டிக்கொடுக்கிறது.

ஞாபகம்: மண்ணிலிருந்து கடுகு உறிஞ்சும் ஷாப் குரோமியம் பெரும்பாலும் வேரில்தான் நிற்கும். பூத்ததும் வேரோடு பிடுங்கு, காயவை, எரி, சாம்பல் டிரம்மில். மூடி வாங்க வேண்டும்.

அண்ணன் இன்றும் கேட்டார். "இந்தச் செடி மண்ண என்னதேன் செய்யும் தம்பி?"

"சொன்னாப் புரியாதுண்ணே. நல்லாக்கும்."

வேலை கிடந்தது. குடோன் கட்ட நிலத்தைக் கேட்கிறார்களாம். என்னை நம்பித்தான் கொடுக்கவில்லையாம். சித்திரையில் வெங்காயம் போடலாமா என்றார். மண் சுத்தமாக இன்னும் நாலஞ்சு கடுகு விதைப்பாவது ஆகும் என்றேன். "ஆகட்டும்."

9.2, வெள்ளி
ஷாப் மேனேஜர், கேட்டில் நின்று: "என்ன சார், பூந்தோட்டமா? எங்க வாசல்லயும் ரெண்டு வைங்க." பின்னால் வாய்க்காலில் நீலப்பச்சைத் தண்ணீர் ஓடுகிறது, இன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். கல்லூரியில் புரொபசர்: "பூ வந்ததும் போட்டோ எடு. மஞ்சளா இருந்தா ரிப்போர்ட்டுக்கு நல்லாருக்கும்." சாயங்காலம் மேட்டுப் பக்கம் நாலு செடியில் பூ; எடுத்துத் தொலைத்தேன்.

12.2, திங்கள்
காய்ச்சல். ரசம் சாதம். சொல்லியனுப்ப ஆளில்லை.

15.2, வியாழன்
வயல் வெறும் மண். ஒரு செடி இல்லை.

"பூ விட்டுருச்சுல்ல தம்பி. உரத்துக்குப் போடுற சணப்ப எப்பவும் பூவுலதான மடக்கி உழுவோம்? நாலு நாளா உங்களக் காணோம், ஒடம்புக்கு முடியலபோலன்னு நானே உழுதுட்டேன். அழுகி மண்ணோட சேந்துரும்." அண்ணன் முகமெல்லாம் சிரிப்பு.

கத்தினேன். "யாரக் கேட்டு உழுதீங்க? எடுத்த விஷத்தப் பூரா திரும்ப மண்ணுக்கே குடுத்துட்டீங்களே." வாய் நிற்கவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. "மூணு தடவ கேட்டேன் தம்பி. புரியாதுன்னீக. தழையுரமாக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

பம்ப்செட் கதவில் நான் ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. வேரோடு அகற்றவும், உழக்கூடாது. எல்லாம் இங்கிலீஷில். ஒட்டியவன் கழுதை.

16.2, வெள்ளி
புரொபசரிடம் சொன்னேன். "போட்டோ இருக்குல்ல?" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

வரப்பில் உட்கார்ந்து அண்ணனிடம் முதலிலிருந்து சொன்னேன். ஷாப்பில் தோலுக்குப் போடும் மருந்து, தண்ணீரோடு வந்து மண்ணில் தங்கியது, செடி உறிஞ்சுவது, வேரில் நிற்பது. ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"இம்புட்டுத்தானா? இதுவா எனக்குப் புரியாது?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மண்ணைக் கிளறி வேர் பொறுக்குகிறோம். பாதி நொறுங்கிப் போகிறது. இருட்டும்வரை நான்கு சாக்கு. நிறைந்த சாக்கை அண்ணன் என்னிடம் தராமல் தானே தூக்கி வைக்கிறார். விஷம் அதிகம் கிடக்கும் வாய்க்காலோரம் இன்னும் தொடவில்லை.