கார்த்திகேசுவின் பேருக்கு ஒரு குரல்

அன்பு மகன் கோகிலனுக்கு, சிலிபினிலிருந்து அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், பெர்த்தில் நீயும் மருமகள் தினேஸ்வரியும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு இனிப்புநீர் கூடியிருக்கிறது, ஆனாலும் சீனி போட்ட தே தாரிக் டீயை விடமாட்டேன் என்கிறார், கேட்டால் ‘ஒரு கிளாஸ்தான்லா’ என்று என் வாயை அடைக்கிறார். போனில் கார்த்திகேசுவின் பேரை எடுத்தாலே ‘லைன் சரியில்லம்மா’ என்று நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

உன் கூட்டாளி ஷாஹித், நம் எஸ்டேட்டில் கடை வைத்திருந்த முகமது இப்ராஹிம் மகன், எடுத்த சிரிப்புப் படம் ஈப்போவில் ஓடுகிறது. போன சனிக்கிழமை நானும் கார்த்திகேசுவின் அம்மா வீரம்மாவும் போனோம். சின்ன வயதில் ஒன்றாகத் திரிந்த மூன்று பேர், வளர்ந்து ஆளாகி, எஸ்டேட்டில் மறுபடி கூடுகிற கதை, வேறு யார், நீங்கள் மூவரும்தான். துரை பங்களா ஜன்னலில் ஒருத்தன் தொந்தியோடு மாட்டிக்கொள்ள, மற்றவன் காலைப் பிடித்து இழுக்க, போட்டிருந்த சிலுவார் மட்டும் கழன்று கையோடு வருகிறது. வயிறு வலிக்கச் சிரித்தேன். வீரம்மாவும் சிரித்தாள், நான் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நீங்கள் சாயங்காலம் திடலில் வரிசையாக நின்று பேர் கூப்பிட்டுப் பெரட்டு விளையாடுவீர்களே, அதுவும் வருகிறது. நிஜப் பெரட்டில் விடியுமுன் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடும்போது ஆள் வந்து சேரவில்லை என்றால் அன்றைய வேலை போய்விடும், அதனால் பக்கத்தில் நிற்பவர்கள் இருட்டோடு இருட்டாக அவருக்காகக் குரல் கொடுத்துவிடுவோம். உங்கள் விளையாட்டிலும் கார்த்திகேசு பிந்தித்தான் வருவான், நீதான் அவனுக்குக் குரல் கொடுப்பாய். படத்தில் மற்ற பேரையெல்லாம் மாற்றிய ஷாஹித் அவன் பேரை மட்டும் விட்டுவிட்டான், வீரம்மாதான் மாற்றாதே என்றாளாம். திரையில் ‘கார்த்திகேசு’ என்று கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். என் பக்கத்தில் வீரம்மா ‘இருக்கான்யா’ என்று உரக்கக் குரல் கொடுத்துவிட்டாள். தியேட்டரே சிரித்தது, கிண்டல் என்று நினைத்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத் திரையில் அவன் சிலிப்பரைத் தேய்த்துக்கொண்டு, ஒரு தோள் சாய்ந்தபடி ஓடி வருகிறான். நடிகன்தான், தெரியாமல் இல்லை, ஆனால் அது கார்த்திகேசுவின் நடை. வீரம்மாவின் கையைப் பிடித்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. அன்றிலிருந்து பைப்படியில் பாத்திரம் கழுவினாலும் முதுகுக்குப் பின்னால் யாரோ பேர் கூப்பிடுவது போலவே இருக்கிறது, திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது மகனே.

போன தடவை நீ ஊருக்கு வந்து இறங்கியதும் ‘வாடா மச்சான்’ என்று அவனைக் கூப்பிட்டாய், மழையில் மோட்டார் சைக்கிளில் வந்தவன் சிம்பாங் பூலாய் முச்சந்தியில் அடிபட்டு அங்கேயே போய்விட்டான். நீ காரியம் முடியும்வரைகூட நிற்காமல், வீரம்மா முகத்தைப் பார்க்காமல் பிளேன் ஏறினாய், அதோடு இந்தப் பக்கமே வரவில்லை. அவள் உன்னைக் குற்றம் சொல்வாள் என்றுதானே பயம்? படம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் சொன்னதைக் கேள்: ‘கோகிலன் வந்துருக்கான்னு புதுச் சட்டைய போட்டுக்கிட்டு எம்புட்டு சந்தோசமா கெளம்புனான் தெரியுமா, அத அந்தப் புள்ளகிட்ட சொல்லணும், அது எம் மொகத்தப் பாக்கவே மாட்டேங்குதே குமுதா.’ பெற்றவளுக்கே உன்மேல் கோபமில்லை, நீ யாரிடம் ஒளிகிறாய்? செத்தவன் படத்தில் ஓடி வருகிறான், உயிரோடு இருக்கிற நீ வரமாட்டேன் என்கிறாய். என்ன நியாயமடா இது.

சித்திரையில் எஸ்டேட் கோயில் திருவிழா. பாகான் செராய்க்குக் குடிபோன நம் லயத்து ஆட்கள்கூட வருகிறார்கள். திடலில் பழைய பெரட்டு மாதிரியே எல்லார் பேரையும் தானே கூப்பிடப் போவதாக ஷாஹித் சொல்லியிருக்கிறான். இப்போதே லீவு கேட்டு வை, குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே போகாதே, தினேஸ்வரியைத் திட்டாதே. இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். திடலில் கார்த்திகேசுவின் பேருக்கு வீரம்மா குரல் கொடுப்பாள். உன் பேரைக் கூப்பிடும்போது நானும் அங்கேதான் நிற்பேன், ஆனால் வாயைத் திறக்கமாட்டேன். பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கும்போது அவனுக்காக நான் குரல் கொடுக்க மாட்டேன்டா.

இப்படிக்கு,
உன்னைத் திட்டவும் உனக்காக வேண்டவும் இருக்கிற
அம்மா குமுதா