அப்பாவின் அறையில் பன்னிரண்டு மூட்டை

மக்காசர்
4 மே 2009

அன்புள்ள தோர்காஸ் அக்காவுக்கு,

ஒசாகாக்காரர்கள் இந்த ஆண்டும் நம் மலைக் காப்பியைக் கேட்டுவிட்டார்கள். இப்போது சியோலிலிருந்து ஒரு வியாபாரி விசாரிக்கிறார். மாதிரி பிடித்தால் ஆகஸ்டில் தோட்டம் பார்க்க வருவாராம். இது கைகூடினால் காப்பி விவசாயிகள் சங்கத்தின் நாற்பது குடும்பங்களுக்கும் கவலையில்லை. எனக்குத்தான் தூக்கமில்லை.

அப்பாவின் அடக்கச் சடங்கை இந்த முறையும் தள்ளி வையுங்கள். பறிக்கிற ஆட்களெல்லாம் சடங்குக்குப் போய்விட்டால் பழம் மரத்திலேயே அழுகும்.

தம்பி,
செமுவேல்

தொராஜா
19 மே

அன்புத் தம்பிக்கு,

மாதிரிப் பையை மக்காசர் பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். மீதிப் பன்னிரண்டு மூட்டையும் தெற்கறையில் அப்பாவோடு இருக்கின்றன. வீட்டில் ஈரமேறாத இடம் அதுதான்.

அவர் கண்மூடி, உடலுக்கு மருந்தேற்றி அங்கே கிடத்தி இரண்டு வருஷமாகிறது. நம் ஊர் வழக்கப்படி, சடங்கு முடிந்து அடக்கமாகும்வரை அவர் நோயாளிதான். தினமும் காலையில் காப்பி வைத்துப் பேசிவிட்டுத்தான் வருகிறேன். ஆனால் எத்தனை நாள்? பக்கத்து வீட்டுத் தாந்து நேற்று அவருக்கு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டே, "என்ன டீச்சர், ஒங்கப்பாவும் ஒசாகா போகக் காத்துக்கிட்டிருக்காரா?" என்றான். சிரித்து வைத்தேன்.

அக்கா,
தோர்காஸ்

மக்காசர்
22 ஜூன்

அக்கா,

சியோலில் குடித்துப் பார்த்தவர்கள், கோப்பையில் கிராம்பு மணக்கிறது என்கிறார்கள். வாசனை கலந்து ஏமாற்றுகிறோமாம். இரண்டு வாரத்தில் நல்ல மாதிரி போகாவிட்டால் அவர் வரமாட்டார். ஒசாகாவின் காதுக்கு எட்டினால் அதுவும் போச்சு. யார் செய்த வேலை இது?

செமுவேல்

தொராஜா
28 ஜூன்

அன்புத் தம்பிக்கு,

நான் செய்த வேலைதான். பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதைப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் செய்துகாட்டியவள் நான். காப்பிக்கொட்டை வாசனையை உறிஞ்சும் என்பது தோன்றவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அப்பாவுக்கென்று ஒரு கிராம்பு சிகரெட்டைக் கொளுத்தித் தலைமாட்டில் வைக்கிறார்கள். நாம் தள்ளித் தள்ளி வைத்ததில் இரண்டு வருஷமாக அவர் புகைத்துக்கொண்டே இருக்கிறார்.

தாந்துவின் களஞ்சியத்திலிருந்து வேறு மாதிரி அனுப்பியிருக்கிறேன். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கட்டினேன். அது தேறுமா என்று எனக்கும் பயம்தான்.

சடங்கு ஆகஸ்ட் பன்னிரண்டு. உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன். பழுத்ததை அதற்கு முன்பே பறித்துத் தருவதாக நாற்பது குடும்பமும் ஒத்துக்கொண்டது. சியோல்காரர் வந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வா. வராவிட்டால் நீ மட்டும் வா. நீ வருவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு அந்த அறை காலிதான். எத்தனை மூட்டை வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம்.

அக்கா,
தோர்காஸ்