குழாய்க்கு வைத்த பெயர்

வில்கரா,
ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை

என் செல்ல மகள் ப்ரோனிக்கு அப்பா எழுதுவது. கிளாஸ்கோ குளிரில் நீ இருமல் சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாய் சுகம், மழைத்தண்ணீர்த் தொட்டி கால்வாசி சுகம், வீட்டுக் குழாய்கள் பூரண சுகம். அம்மாவுக்கு மட்டும் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. நீ போனில் கேட்டபோதெல்லாம் தேறி வருகிறாள் என்று சொல்லி, பின்னாலேயே ஒரு கேலியையும் ஒட்டி வைத்துவிட்டேன். என் வாய் என் பேச்சைக் கேட்காது, உனக்கே தெரியும். உங்கப்பனுக்குப் பதினாறு வயசோட வளர்ச்சி நின்னுபோச்சு என்று அம்மா சொல்வாளே, அந்தப் பதினாறு வயதுக்காரன் காகிதத்திலாவது ஒழுங்காக உட்காருகிறானா பார்க்கிறேன்.

துவைக்கும் அறைக் குழாயைத் தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்று ஏறுமே, அதற்கு நான்தான் முத்தம் என்று பெயர் வைத்தேன். உனக்கு அப்போது ஏழு வயது. உன் சிநேகிதிகளையெல்லாம் கை கழுவக் கூட்டிப்போய், அவர்கள் துள்ளுவதைப் பார்த்து நானும் நீயும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தோம். கால்பந்து கிளப் தலைவர்கூட ஒருமுறை அங்கே முத்தம் வாங்கிக்கொண்டு போனார். அம்மா மட்டும் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. லெஸ், அது முத்தம் இல்ல, ஷாக்கு, என்பாள். அதற்கு நாம் செய்த வைத்தியம் என்ன, குழாயடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதை மாட்டிக்கொண்டுதான் துணியை அலசுவாள். கோடையில் சுர்ரு கூடினால் சுவரோரம் மண்ணில் அடித்திருக்கும் எர்த் கம்பிக்கு ஒரு வாளித் தண்ணீர். என் அப்பாவும் அதைத்தான் செய்தார், இந்த ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். மண் நனைந்தால் குழாய் அடங்கும், குழாய் அடங்கினால் நாமும் அடங்கிவிடுவோம்.

இந்தக் கோடையில் மழையே இல்லை. எத்தனை வாளி ஊற்றியும் சுர்ரு முழங்கை வரை ஏறியது. இன்னைக்கே ட்ரூடியக் கூப்பிடு, வெளையாடாம கூப்பிடு, என்றாள் அம்மா. ட்ரூடி ஷிர்மரை உனக்கு நினைவிருக்கும், சுற்று வட்டாரத்துக்கே லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரே எலெக்ட்ரீஷியன். கோழிக்கூண்டில் வெளிச்சம் பற்றாமல் கோழிகள் முட்டையைத் தேடுகின்றன என்று சொல்லி ஒரு வருடம் ஏப்ரல் முட்டாள் தினத்தில் நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்ட வைத்தேனே, அதே ட்ரூடி. கூப்பிட்டேன், ப்ரோனி. கூப்பிடாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு நோகாது. ட்ரூடி, எங்க வீட்டுக் குழாய் க்ளெனிஸுக்கு முத்தமா குடுத்துக்கிட்டு இருக்கு, எனக்குப் பொறாமையா இருக்கு, வந்து ரெண்டு பேரையும் பிரிச்சு வை, என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். யோவ் லெஸ், அந்த வீட்டுல யாராச்சும் அவளுக்கு முத்தம் குடுக்குறாங்களேன்னு சந்தோஷப்படு, எனக்கு வேலை கெடக்கு, வையிய்யா போனை, என்றாள். நானும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டேன். அம்மாவிடம் போய், சொல்லிட்டேன், வருவா, என்றேன்.

அந்தப் போனுக்கு ஒன்பதாம் நாள் காலையில் செருப்பு வார் பிடுங்கிக்கொண்டது. அது முன்பே ஒருமுறை அறுந்து, ரொட்டிப் பையில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை அடியில் செருகி நான் சரிசெய்து கொடுத்ததுதான். நம்மூரில் யார்தான் அதற்காகப் புதுச் செருப்பு வாங்குகிறார்கள். கிளிப் கழன்றதும் அம்மா வெறுங்காலை ஈரச் சிமெண்டில் வைத்துக் குழாயைப் பிடித்திருக்கிறாள். வாளி உருளும் சத்தம் வராந்தாவில் இருந்த எனக்குக் கேட்டது. என்ன க்ளெனிஸ், இன்னைக்கு முத்தம் பலமா, என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன், ப்ரோனி. இரண்டாவது தடவையும் கேலியாகத்தான் கத்தினேன்.

ஓடிப்போய் மெயினை இறக்கினேன், ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன், பிறகு விமானத்தில் அடிலெய்டுக்குக் கொண்டுபோனார்கள். அவள் இதயம் கொஞ்ச நேரம் நின்றிருந்தது. இதைத்தான் உன்னிடம் மறைத்தேன். அன்றே வீட்டுக்குக் கரண்டைத் துண்டித்துவிட்டார்கள், ட்ரூடியும் அன்றே வந்தாள். கூரையோரம் ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். வந்த கரண்ட் திரும்பிப் போகும் கம்பி இணைப்பில் துருவேறி, ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்ததாம். போக வழியில்லாத கரண்ட் குழாயில் இறங்கி, அதைத் தொட்டவள் வழியாகத் தரைக்குப் போயிருக்கிறது. ட்ரூடி இறங்கி வந்து அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொழாயில ஷாக்கு அடிக்குதுன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா, போனை வைக்கவிடாம மெயினை எறக்கச் சொல்லியிருப்பேனே லெஸ், செஞ்சுக்கிட்டிருந்த வேலையப் போட்டுட்டு ஓடியாந்திருப்பேனே, நீ முத்தம்னு சொன்னியேய்யா, என்று அழுதாள். அவளைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி சிரிக்க வைப்பதுதான்.

நான்கு நாள் வேலை. வீடு முழுக்கப் புது வயர், புது ஸ்விட்ச் போர்டு, கரண்ட் எங்கே கசிந்தாலும் அந்த நொடியே தானாக அணைந்துகொள்ளும் ஸ்விட்ச், ஆழமாகப் புது எர்த் கம்பி. சுவரிலிருந்து பழைய வயரை உருவி முற்றத்தில் குவித்தபோது வயர் வயராக என் வயிற்றையே உருவுவது போல் இருந்தது. பார்த்தாயா, இதிலும் சிலேடை வருகிறது, மன்னித்துவிடு. கடைசியில் ஒரு படிவத்தை நீட்டினாள். கோளாறு முதலில் கவனிக்கப்பட்டது எப்போது என்று ஒரு கட்டம். இருபத்து நான்கு வருடத்துக்கு முன், என்று எழுதினேன்.

அம்மா இப்போது எழுந்து நடக்கிறாள், வலது கையில் இன்னும் கட்டு. ஆனால் எந்தக் குழாயையும் தொடுவதில்லை, நர்ஸ்தான் திறந்துவிட வேண்டும். போன ஞாயிறு போய், எல்லாம் சரியாயிருச்சு க்ளெனிஸ், வீட்டுக்குப் போலாம், என்றேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டோரத்தைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடமாக நான் பொய் சொல்கிறேனா என்று அங்கேதான் பார்ப்பாள். ட்ரூடி ஒரு போட்டோ கொடுத்தனுப்பியிருந்தாள், தானே அதே ஈரச் சிமெண்டில் வெறுங்காலோடு நின்று அதே குழாயைப் பிடித்தபடி. அதைக் காட்டினேன். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, அவளையும் ஒன் வெளையாட்டுல சேத்துக்கிட்டியா லெஸ், என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். வருகிற திங்கட்கிழமை மரே பிரிட்ஜில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகிறாளாம். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்டதற்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ட்ரூடி கையெழுத்திட்ட பாதுகாப்புச் சான்றிதழின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அசலை அம்மாவிடம் கொண்டுபோனேன், படித்துப் பார்க்க அவள் கண்ணாடியை எடுத்துப் போடவே இல்லை. நீ போன் செய்து வரி விடாமல் வாசித்துக் காட்டு. நீ விளையாட்டுக்குக்கூட அவளிடம் பொய் சொன்னதில்லை. வீட்டுக்குப் போ என்று மட்டும் சொல்லாதே, எனக்காகப் பரிந்தும் பேசாதே. வாசித்தால் போதும். அதற்கும் அவள் வராவிட்டால் அது நியாயம்தான். இங்கே இருபத்திரண்டு ஸ்விட்சும் ஒழுங்காக வேலை செய்கின்றன, எதைப் போடுவதற்கும் எனக்குக் காரணம் இல்லை.

நீ நீண்ட நாள் நன்றாக இரு மகளே, உன் நெஞ்சு ஒருநாளும் துடிக்க மறக்காமல் இருக்கட்டும். ஒன்றே ஒன்றை நினைவில் வை. உன் வீட்டில் எந்தக் குழாயாவது, எந்தக் கைப்பிடியாவது விரலில் சுர்ரென்றால் அதற்குப் பெயர் வைக்காதே. கையை எடு, மெயினை இறக்கு, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு. கூப்பிடும்போது சிரிக்காதே.

உன் அப்பா,
லெஸ் ஹன்னஃபோர்ட்