டாக்டர் லிம்மின் பெயர்

1931 ஆகஸ்ட் 14, வெள்ளி இரவு

ஆஸ்பத்திரித் துரையின் மலேரியாக் கட்டுரை இன்று காலைக் கப்பலில் லண்டன் சஞ்சிகைக்குப் போய்விட்டது. அவர் எடுத்தாண்ட கட்டுரைகளின் பட்டியல் முழுவதும் நான் தட்டச்சு செய்தது. ஆசிரியர் பெயரின் கடைசிச் சொல்லை முன்னால் போட்டு, மற்றதை முதலெழுத்தாகச் சுருக்கச் சொல்லியிருந்தார். எல்லாப் பெயர்களையும் அப்படியே செய்தேன்.

சாயங்காலம் கம்பவுண்டர் காதர் அண்ணன், “நம்ம டாக்டர் லிம் பேரும் அதுல வருதாமே தம்பி? பெரிய விஷயம்லா!” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீனர்களுக்குக் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். தினமும் டாக்டர் லிம் என்று கூப்பிடுகிற நானே அந்த லிம்மை ஒற்றை எழுத்தாக்கிப் பின்னால் தள்ளியிருக்கிறேன். பட்டியலில் அவரைத் தேடுகிறவனுக்கு அவர் கிடைக்கவே மாட்டார்.

நாளைக்குத் துரையிடம் சொல்லியாக வேண்டும். ஒரு தேதி தப்பியதற்கே எனக்கு முன் இந்தக் குமாஸ்தா வேலையிலிருந்த கிராணியை அன்றே வீட்டுக்கு அனுப்பியவர்.

இன்று காலையில் உறையை ஒட்டுமுன் அவரே பேனாவை எடுத்து, பட்டியலைப் பிழையில்லாமல் தயாரித்த கிராணிக்கு நன்றி என்று கட்டுரையின் கடைசியில் எழுதிச் சேர்த்தார். என் பெயரை மட்டும் எழுத்துத் தவறாமல் எழுதியிருந்தார்.