ஐயாவின் தொப்பி

மார்ச் 1, வெள்ளி

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஞாயிறு திறப்பு விழா. பறவை ஐயாவின் வீடு இனி காட்சிசாலை. பின்னால் சுரங்கத் தண்ணீர் தேங்கும் ஏரி, சரணாலயம். மண் சோதிக்க வந்த மனிதர், பறவைப் பித்துப் பிடித்து இங்கேயே தங்கிப்போனார். போன வருஷம் காலமானார். வீட்டை ஒழுங்குபண்ணும் வேலை என் தலையில். நல்லபடி முடிந்தால் என்னை பர்மனென்ட் ஆக்குவதாக ஆபீசர் சொல்லியிருக்கிறார்.

வெள்ளையடிப்பு ஆயிற்று. மரங்களுக்குக் காவிப்பட்டை ஆயிற்று. போர்டு இன்னும் இல்லை. வடலூர் போன பெயின்டர் போனவன்தான், கடன்காரன்!

வராந்தா ஆணியில் ஐயாவின் தொப்பி. உள்ளே குருவிக்கூடு, முட்டை வேறு. வீடு கூட்டும் பாஞ்சாலை, "எடுத்துடவாங்க?" என்றாள்.

"பெரிய மனுஷங்க வர்ற எடம். குப்பையோடயா காட்டுறது? எடு."

கூடு குப்பைத்தொட்டிக்கு. தொப்பிக்கு பிரஷ் போட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்தேன். பளிச். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

விழா. மாலை, காராபூந்தி, காபி. கடலூரிலிருந்து ஐயாவின் மனைவி. நேரே வராந்தாவுக்குப் போனார். குருவி ஒன்று வெறும் ஆணியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"தொப்பி எங்கங்க? வருஷா வருஷம் அதுலதான் குஞ்சு பொரிக்கும். அதுக்காகவே வெறுந்தலையோட வெயில்ல அலைஞ்சாரு அவரு."

ஐயோ. ஆபீசர் என்னைப் பார்த்தார்.

"பூனை கலைச்சிடுச்சுங்க. அதான் தொப்பிய உள்ள வச்சேன்."

எப்படித்தான் வாயில் வந்ததோ! அந்த அம்மா உள்ளே போனார். அலமாரி முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"அந்தப் பூனையைப் புடிச்சு எங்கயாவது தூரமா விடச் சொல்லுய்யா," என்றார் ஆபீசர். பாஞ்சாலை சோறு வைத்து வளர்க்கும் பூனை அது. அவள் என்னையே பார்த்தாள். சீ, நானும் ஒரு மனுஷன்.

மார்ச் 4, திங்கள்

தூக்கமில்லை. புழுக்கம். பாஞ்சாலை முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள்: "பூனை சாக்குல கத்திகினு இருக்குதுங்க. வாட்ச்மேன் மத்தியானம் எடுத்துகினு போறாராம்."

சைக்கிளை எடுத்தேன். ராத்திரி இங்கேயே தங்கிய அம்மா, பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நாலு பேர் பார்க்க அழுகை வேறு.

"அப்பவே தெரியுங்க. எந்தப் பூனை தொப்பிக்கு பிரஷ் போடுது?"

"அங்கயே கேட்டிருக்கலாமேம்மா."

"உங்க வேலைக்கு ஒண்ணு ஆயிடப்போவுதுன்னு பேசாம இருந்தேன். ஆனா எங்கிட்ட சொல்லி என்னங்க? ஆபீசர்கிட்ட போங்க."

பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டேன்.

ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே கூப்பிடுகிறார்கள்.