காவலரண் போன பிறகு

இஞ்சாருங்கோ,

நானும் மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் சுகம். ஆஸ்பத்திரியில் உங்கள் முறிந்த கையின் கட்டை அவிழ்த்துவிட்டார்களா?

எங்கள் ஊர்ப் பொலிஸ் காவலரணில் இருந்த கஜீவனை நேற்று இங்கே பஸ் ஓடும் காலி வீதியில் கண்டேன். காவலரணை மூடி, டவுன் பொலிசோடு சேர்த்தபோது அவரை இங்கே மாற்றிவிட்டார்களாம். தொல்லை விட்டது என்று அன்று நாங்கள் வெடி கொளுத்தியதை அவர் மறக்கவில்லை.

“இப்ப ஊரிலை நிம்மதிதானே, அக்கா?” என்று சிரித்தார்.

“ஓம்” என்றேன். களவாய் மணல் அள்ளும் டிப்பர்காரர் இரவில் எங்கள் வீட்டுக்குள் வந்து உங்களை அடித்ததையும், டவுனிலிருந்து பொலிஸ் வர விடிந்துவிட்டதையும் அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மகள் இங்கே பஸ் சத்தத்துக்கும் கட்டிலுக்குக் கீழே ஒளிகிறாள்.

டிப்பர்கள் எங்கள் காணிக்குள்ளால் ஆற்றுக்குப் போகாமல் ஆற்றுப்பக்கக் கேற்றை நீங்கள் பூட்டியது சரிதான். நான் பிழை சொல்லவில்லை. மணலை அள்ளிக்கொண்டு போகட்டும். கேற்றைத் திறந்து வைத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் மகளின் அம்மா